திருநீறு பூசிய இசைத்தட்டு

என் அண்ணன் யுகேந்திரனுக்கு இடது காது போய்விட்டது. வலது காது போய்க்கொண்டிருக்கிறது. செனாய் என்ற ஊரில் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை. காதடைப்பானைப் போட்டால் மேற்பார்வையாளர் கூப்பிடுவது கேட்காது என்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பல வருடங்களைக் கழித்தவர். ஜொகூர் பாருவில் காது மருத்துவர் சொன்னதை நான்தான் அவருக்கு உரக்கத் திருப்பிச் சொன்னேன். வலதும் இப்படியே போகும், எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது. அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: கீழ்ச்சுருதி முதலில் போகுமா, மேற்சுருதியா? மேற்சுருதி என்றார் மருத்துவர்.

"அப்ப பேஸ் கித்தார் கொஞ்ச நாளைக்கு இருக்கும்," என்று அண்ணன் என்னிடம் சொன்னார். சமாதானம் சொல்வது போலத்தான் சொன்னார்.

சோல், ஃபங்க் என்ற இரண்டு வகைப் பாட்டுகளுக்குத்தான் அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி போனது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயத்திலும் தெருவிலும் பிறந்த இசை. எழுபதுகளில் அதைக் கேட்டு இங்கே மலேசியாவிலும் சில பையன்கள் கித்தார் தூக்கினார்கள். இசைத்தட்டின் முன்பக்கத்தில் வானொலிக்காக ஒரு காதல் பாட்டைப் பாடிவிட்டு, யாரும் போடமாட்டார்கள் என்ற தைரியத்தில் பின்பக்கத்தில் தங்களுக்குப் பிடித்ததை வாசித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தேடுவது அந்தப் பின்பக்கங்களைத்தான். பழைய சாமான் கடை, இடிக்கப்போகும் கடைவீடு, பாசார் காராட் என்னும் பழம்பொருள் சந்தையில் தரையில் விரித்த துணி, எங்கே தட்டைப் பார்த்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் இணைய வானொலியில் அவற்றைப் போட்டார். முதல் பாதியில் யாரும் கண்டுகொள்ளாத பழையவை, அடுத்த பாதியில் புதிதாக வருபவர்களின் பாட்டுகள். ஸ்கூடாயில் படிக்கும் லோஷினி என்ற பெண்ணின் குழுவை முதன்முதலில் ஒலிபரப்பியது அவர்தான். "இந்தப் பொண்ணு அவசரப்படாமப் பாடுது. விட்டுடக் கூடாது," என்றார். கேட்பவர்கள் சொற்பம். சில வாரங்களில் நானும் லோஷினியும் பத்து பகாட் என்ற ஊரிலிருந்து ஒருவரும்தான். ஒலிபரப்பின்போது அண்ணன் ஹெட்போனின் வலது பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அமைதியான அறையில், அப்படி அழுத்தினால், அவருக்கு இன்னும் நன்றாகவே கேட்டது. நாலு பேர் பேசும் இடத்தில்தான் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும்.

கூலாயில் ஒரு சீனத் தௌக்கேயின் பழைய சாமான் கடையில் அவருக்கு ஒரு தட்டு கிடைத்தது. யாரோ கடித்துவிட்டு வைத்த பிஸ்கட் போல விளிம்பில் ஒரு துண்டு இல்லை. பெயர்ச்சீட்டில் 'தி செனாய் செவன்' என்றும், பின்பக்கத்தில் 'ஹுஜான் டி சிம்பாங்' என்றும் இருந்தது. மலாயில் முச்சந்தியில் மழை என்று பொருள். கீழே, பாட்டும் ட்ரம்ஸும் சாமி. தட்டின் வெளிவிளிம்பில்தான் பாட்டு தொடங்கும். அது போய்விட்டதால், உடைந்த இடத்தைத் தாண்டி உள்ளே ஊசியை வைத்தால் கடைசிக் கொஞ்சம் மட்டும் ஓடும். ட்ரம்ஸ், பேஸ், ஒரு ஆண்குரல் மழை மழை என்று சொல்லிக்கொண்டே தூரப் போகிறது. அவ்வளவுதான்.

அண்ணன் அதைக் கேட்ட அன்று சாப்பிடவில்லை. பிறகு தினமும் கேட்டார். "இப்படி முடிக்கிறவன் எப்படி ஆரம்பிச்சிருப்பான்?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? வேறு பிரதி எங்கேயும் இல்லை. இந்த வகைத் தட்டுகளைச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், எல்லாருக்கும் எழுதினார். பெயரைக் கேள்விப்பட்டதாகக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

வானொலியில் அந்தக் கடைசித் துண்டைப் போட்டு, இந்தச் சாமி யார் என்று கேட்டார். பத்து பகாட்காரர் எழுதினார். தன்னோடு லாரி ஓட்டிய ஐயாசாமியாக இருக்கலாம், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கம்பத்தில், சின்னக் கிராமத்தில், இருக்கிறார், இதுதான் எண்.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, அந்தப் பக்கம் சொல்வதை நான் அண்ணனின் வலது காதில் திருப்பிச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லா அழைப்புகளும் இப்படித்தான்.

"ஐயா, செனாய் செவன்ல பாடினது நீங்கதானா?" என்று அண்ணன் கேட்டார்.

"அலமாக்! அது யாருக்குய்யா தெரியும்?" என்றது ஒரு கிழக்குரல்.

"ஏழு பேரா வாசிச்சீங்க?"

"அஞ்சு பேருதான். ட்ரம்பெட் ஊத ரெண்டு பேரு வர்றேன்னாங்க. நம்பிப் பேரு வச்சிட்டோம். வரல."

அண்ணன் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "தட்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களாய்யா?"

"ஒண்ணு கெடக்கு, அலமாரி மேல. போட்டுக் கேக்க மெஷின் ஏது? கல்யாணத்துக்கு முந்தி பாடினது. அப்புறம் லாரி, செம்பனைக் குலை, புள்ளைங்கன்னு போயிருச்சு. ஆரம்பத்துல என்ன வாசிச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு லா."

"நான் மெஷின் கொண்டாரேன். சேர்ந்து கேக்கலாம்."

"நாயித்துக்கெழமை வாங்க தம்பி. வூட்டுல சாப்பிடற மாதிரி வாங்க."

அந்த வாரம் அண்ணன் வேறு மனிதராக இருந்தார். பெட்டி மாதிரி மடக்கும் சிறிய கிராமபோனுக்குப் புது ஊசி மாட்டினார். பதிவுக்கருவியைச் சோதித்துப் பார்த்தார். அந்தப் பாட்டைப் பதிவு செய்ததும் உன் குழுவோடு கேள், உங்கள் பாணியில் வாசித்துப் பாருங்கள் என்று லோஷினிக்குச் சொல்லி வைத்தார். தூங்கப் போகும்போதுகூட, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்தக் காது இப்படியே இருந்தாப் போதும்மா," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அழைப்பு வந்தது. ஐயாசாமியின் மகன் வீரமுத்து.

"அப்பா தவறிட்டாரு. ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாரு. இந்த வாரம் முழுக்க உங்களப் பத்திதான் பேச்சு. நாளைக்கு எடுக்கிறோம். சொல்லச் சொல்லி அம்மா சொன்னாங்க."

நான் சொன்னதைக் கேட்டு அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கிளம்பும்போது கிராமபோனைக் காரின் பின்னால் வைத்தார்.

"சாவு வீட்டுக்கு அது எதுக்குண்ணா?"

அவருக்குக் கேட்கவில்லையா, கேளாததுபோல் இருந்தாரா என்று தெரியவில்லை. கதவைச் சாத்தினார்.

அது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கம்பம். வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, ஒரு ஓரத்தில் இளைஞர்கள் உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டி நடுவில் இருந்தது. நாங்கள் மாலை போடப் போனோம். ஐயாசாமியை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறோம். ஒல்லியான மனிதர். வெள்ளை ஜிப்பா. நெஞ்சின் மேல், அவருடைய இரண்டு கைகளுக்கும் அடியில், அந்தத் தட்டு இருந்தது.

விளிம்பு முழுதாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன் மேல் மூன்று விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை. நடுவில் குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். தட்டின் பள்ளங்களெல்லாம் வெள்ளையாக அடைந்திருந்தன. புது வண்டிக்கும் புத்தகத்துக்கும் அரிவாளுக்கும் நாம் என்ன செய்வோமோ, அதைத்தான் அவர்களும் மரியாதையாகச் செய்திருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னிடம் சொன்னாள். "யாரோ போன் பண்ணதுலேருந்து அத எறக்கித் தலமாட்டுலயே வச்சிருந்தாரும்மா. கைய விட்டு எடுக்கல. அவ்வளவு ஆசையா வச்சிருந்தத அவரோடயே அனுப்பிடலாம்னு பெட்டியில வச்சிட்டோம்."

யாரோ என்பது நாங்கள்தான். நாங்கள் அழைக்காவிட்டால் அது அலமாரி மேலேயே கிடந்திருக்கும்.

அண்ணன் என்னைக் கூடாரத்துக்கு வெளியே இழுத்துப் போனார். "வாசுகி, அத எரிச்சிடுவாங்க."

"வேற ஒண்ணு எங்கேயாச்சும் இருக்கும்ணா."

"இருக்கலாம். எனக்குக் காது இருக்கும்போது கிடைக்குமா?"

அவர் என்னை விட்டுவிட்டு வீரமுத்துவிடம் போனார். மெதுவாகக் கேட்பதாகத்தான் நினைத்திருப்பார். காது கேளாதவருக்குத் தன் குரல் எவ்வளவு என்று தெரியாது.

"பெட்டியில இருக்கற தட்ட எடுக்கலாமா?"

கூடாரம் முழுக்கக் கேட்டது. உறுமி அடித்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன கேக்குறீங்க?" என்றார் வீரமுத்து.

"அந்தத் தட்டு. ஒரு தடவ போட்டுப் பதிவு செஞ்சுட்டுத் திருப்பி வச்சிடறேன். அதுல ஒண்ணுதான் இருக்கு."

"எங்கப்பா நெஞ்சு மேல இருக்கறத எடுக்கணுமா? உங்களுக்கு மனசு இருக்கா?"

"பழைய சாமான் வாங்க வந்திருக்காரு போல," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "அப்படியே தகரம், பேட்டரி இருக்கான்னும் கேளுங்க!" சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி, பிணத்தோடு வைத்ததை வெளியே எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றாள். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. "என்ன சொல்றாங்க, வாசுகி?" என்று அதே பெரிய குரலில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் காதருகே போய், "வேணாங்கிறாங்கண்ணா," என்றேன்.

அப்போது அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வீரமுத்துவின் முன்னால் கைகூப்பி நின்றார். கண்ணீர் வடிந்தது. "எனக்கு ஒரு காது போயிருச்சு. இன்னொண்ணும் போவுது. அந்தப் பாட்டோட ஆரம்பம் மட்டும் கேட்டுட்டா போதும்யா."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஐயாசாமியின் மனைவி கருப்பாயி எழுந்து வந்தார்.

"முத்து, எடுத்துக் குடுடா."

"அம்மா!"

"நாப்பது வருசத்துக்கு மேல அந்தாளோட குடும்பம் நடத்தியிருக்கேன். அந்தப் பாட்ட நான் கேட்டதே இல்லடா. மெஷினு வாங்குறேன் வாங்குறேன்னாரு, வாங்கவே இல்ல. போறதுக்கு முந்தி ஒரு தடவ கேட்டுக்கிறேன்."

வீரமுத்து பல்லைக் கடித்தார். "ஒரு தடவைதான். வண்டி வந்தாச்சு. பாட்டு முடிஞ்சதும் பெட்டிக்குள்ள போயிடணும். நான் கூடவே நிப்பேன்."

பின்கட்டுக் குழாயடியில் அண்ணன் தட்டைக் கழுவினார். பாத்திரம் விளக்கும் சவர்க்காரத்தில் ஒரு துளி, விரல் நுனி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக. சந்தனம் பாலாக ஓடியது. திருநீறு லேசில் போகவில்லை. அழுத்தினால் மணல் போலக் கீறிவிடும். வீரமுத்து சொன்னபடியே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குங்குமம் சிமெண்டில் சிவப்பாக வழிந்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டிக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிராமபோனை வைத்தோம். அந்தச் சிறிய கிராமபோனில் வெளியே கம்பி செருக ஒரே ஒரு துளைதான். அதில் இரண்டாகப் பிரியும் கம்பியைச் செருகினால் பாட்டு ஹெட்போனுக்கும் பதிவுக்கருவிக்கும் போகும். கிராமபோனின் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். அண்ணன் பழக்கப்படியே கம்பியைச் செருகி, ஹெட்போனை மாட்டி, வலது பக்கத்தை அழுத்திப் பிடித்தார். ஊசியை விளிம்பில் இறக்கினார்.

தட்டு சுற்றியது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னப்பா, சத்தமே வரல?" என்றார் கருப்பாயி. சவப்பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து, "பெருசா வை. அவருக்குக் கேக்கணும்," என்றார்.

அண்ணன் கண்ணைத் திறந்து அவர் உதடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

நான் ஹெட்போனை ஒரு விரலால் நகர்த்தி, அவர் காதில் சொன்னேன்.

தட்டு இன்னும் பாட்டு தொடங்காத வெற்றுப் பள்ளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைப் பார்த்தார். கருப்பாயியைப் பார்த்தார். கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஒலிபெருக்கியில் முதலில் திருநீற்றின் பொரபொரப்பு. பிறகு பாட்டு தொடங்கியது. ஒரு இளைஞனின் குரல் அந்தக் கூடாரத்துக்குள் வந்ததும் கருப்பாயி, "ஐயோ, இது அவருதான்!" என்று கத்தினார். மகள்கள் பெட்டியின் மேல் விழுந்தார்கள். வீரமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை போல அழுதார். உறுமிக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, அவர்களும் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியே சவ வண்டி ஹாரன் அடித்தது. அண்ணன் நாற்காலியின் முன் மண்டியிட்டு, வலது காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இரைச்சல்தான் கேட்கிறது.

பாட்டு முடிந்ததும் வீரமுத்துவே ஊசியைத் தூக்கினார். தட்டைத் தன் சட்டையில் துடைத்துத் தகப்பனாரின் நெஞ்சில் வைத்தார். மூடியைச் சாத்தினார்கள். கருப்பாயி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அவர் சொன்னது அண்ணனுக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்லவில்லை. நல்லா இருப்பே என்றுதான் சொன்னார், அதை அப்போது அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதிவுக்கருவியில் இருந்தது ஊசி இறங்கும் சத்தம் மட்டும். யாரோ கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியை வீரமுத்து வாங்கி எங்களுக்கு அனுப்பினார். ஆயர் ஈத்தாமில் பானைக் கடைகளுக்கு எதிரே காரை ஓரங்கட்டி, அண்ணன் அதைக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடி வைத்தார். கைப்பேசியை என்னிடம் நீட்டினார். உறுமியும் அழுகையும் ஹாரனும். அவற்றுக்கு அடியில் எங்கோ ஒரு பாட்டு.

"நீ பக்கத்துல நின்னே," என்றார். "உனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுண்ணா."

"சொல்லு."

எனக்குப் பாட்டைப் பற்றிப் பேசத் தெரியாது. அவர் காரின் இயந்திரத்தை அணைத்துவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"முதல்ல ட்ரம்ஸ் மட்டும் வருதுண்ணா," என்று கத்தினேன். "மெதுவா. யாரோ கதவைத் தட்டலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி." காரின் முன்பலகையில் விரலால் தட்டிக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார். "அப்புறம் பேஸ். அது வந்ததும் ட்ரம்ஸ் கொஞ்சம் தைரியமாயிடுது. அப்புறந்தான் அவர் பாடுறார். சிம்பாங்ல நிக்கிறேன், கொடை இல்ல, நீ எந்தப் பக்கம் போனேன்னு தெரியலன்னு மலாய்ல."

"எத்தன தடவ தட்டினதும் பாடறாரு?"

மறுபடி தட்டிப் பார்த்தேன். விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. "இந்த இடத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தம்மா கத்திட்டாங்கண்ணா."

"சரி. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்கும் கேக்கல. கடைசியில மழை மழைன்னு சொல்றது மட்டும் கேட்டுச்சு."

"அது எனக்குத் தெரியும்," என்றார்.

குலை ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது, கார் ஆடியது. அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, முன்பலகையைப் பார்த்தபடி இருந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை. ஓர் இடத்தில் நின்றுபோனவரைப் போல இருந்தார்.

"ஆரம்பத்திலேருந்து இன்னொரு தடவ தட்டு," என்றார். "இந்தத் தடவ என் கையில தட்டு."

முன்கையைத் திருப்பி நீட்டினார். தட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"இன்னொரு தடவ," என்றார்.